மேர்சி எடுத்த மூச்சு

“அன்ரி, ஒரு சரணத்துக்கும் அடுத்த சரணத்துக்கும் இடையில எத்தனை செக்கன் விடவேணும்?” என்று ஷரோன் கேட்டாள்.

ஷரோன் எங்கள் கொட்டாஞ்சேனைத் தமிழ்ச் சபையின் வாலிபர் சங்கத் தலைவி. கம்பியூட்டர் கம்பனி ஒன்றில் வேலை. நான் ஓர்கன் வாசிப்பதை விட்டு இரண்டு வருடமாகிறது. எனக்குப் பின் நிரந்தரமாக ஒருவரும் அமையவில்லை. வாசிக்க ஆள் இல்லாத ஞாயிறுகளுக்காக அவள் ஞானப்பாட்டுகளின் இசையைப் பதிந்து வைக்கிறாள். சரணங்களுக்கு இடையில் விடும் இடைவெளியை மெஷினுக்கு எண்ணாகக் கொடுக்க வேண்டுமாம்.

“நாலு செக்கன் போடும் பிள்ளை” என்றேன். அவளும் சரியென்று போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பி வந்து தேத்தண்ணீர் ஊற்றிக் குடிக்கும்போது மனம் குத்தத் தொடங்கியது. தெரிந்துகொண்டே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். முப்பத்துமூன்று வருடம் அந்த ஓர்கனுக்கு முன்னால் வாங்குப் பலகையில் இருந்தவள் நான். அந்த இடைவெளி என்னவென்று எனக்கே முப்பத்தோராவது வருடத்தில்தான் தெரிந்தது. அதை வாயால் சொல்லப்போனால் அழுதுவிடுவேன். ஆட்களுக்கு முன்னால் அழுவது எனக்குப் பிடிக்காத காரியம். ஆகவே எழுதுகிறேன், ஷரோன் வாசித்துக்கொள்ளட்டும்.

நான் பக்தியில் ஓர்கன் வாசிக்கப் போனவள் அல்ல. சின்ன வயதில் ஒரு கன்னியாஸ்திரியிடம் பியானோ படித்தேன். பரீட்சைகள் எல்லாம் பாஸ் பண்ணினேன். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் டைப்பிஸ்டாக வேலை கிடைத்தது. கொட்டாஞ்சேனைச் சபையில் ஓர்கன் வாசித்தவர் கனடாவுக்குப் போய்விட்டார், ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் வாசித்துக் காட்டினேன். அங்கே இருந்தது குழாய் ஓர்கன். மோட்டார் ஒன்று காற்று அடிக்க, அந்தக் காற்று குழாய்களில் புகுந்து சத்தமாக வரும். கொழும்பில் அப்படி ஒன்று கைக்கு அகப்படுவது லேசான விஷயமா? அந்த ஆசையில்தான் போனேன். கர்த்தர் அங்கே இருந்தார் என்றால் அது எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது.

பாடகர் குழுவை நடத்தியவர் தம்பிராசா மாஸ்டர். பெயர்தான் மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் இல்லை. துறைமுகத்தில் வரைபடம் கீறும் வேலை. வெள்ளை அரைக்கைச் சேர்ட், சேர்ட் பையில் நன்றாகச் சீவிய இரண்டு பென்சில்கள். ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார். பிழை விட்டால் பென்சிலால் வாங்கில் இரண்டு தரம் தட்டுவார், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தட்டுக்கு நாற்பது வயது ஆம்பிளைகள்கூட நடுங்குவார்கள்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு வந்தவர்தான் ஞாயிறு பாடலாம். போதகரின் மனைவி ஒரு வெள்ளி வராமல் விட்டதற்கு அந்த ஞாயிறு அவரையும் சபையாரோடு இருத்தியவர் அவர்.

பயிற்சி நடத்தும் விதமும் வேறு ஒரு இடத்திலும் நான் காணாதது. புதுப் பாட்டு என்றால் முதலில் ஒருவரும் பாடக்கூடாது. எல்லோரும் எழும்பி நின்று, புத்தகத்தைத் திறந்து, சொற்களைப் பார்த்துக்கொண்டு மூச்சை மாத்திரம் எடுத்து விடவேண்டும். எங்கே மூச்சு எடுப்பது என்று அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொருவரும் தங்கள் புத்தகத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடுவார்கள். முழுப் பாட்டும் அப்படியே சத்தமில்லாமல் போகும். இருபது பேர் ஒன்றாக மூச்சு இழுப்பார்கள், ஒன்றாக விடுவார்கள். முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, இருமி மறைத்தேன்.

எனக்கும் அவருக்கும் சண்டை வந்ததும் அதில்தான். நான் தாளத்தில் கெட்டி. சரணம் முடிந்தால் எண்ணிக்கைக்கு அடுத்த சரணத்தைத் தொடங்கிவிடுவேன். பின்னால் டக் டக் என்று பென்சில் தட்டும்.

“ரூபி, பாடுறவை இன்னும் மூச்சு எடுக்கேல்ல.”

“மாஸ்டர், நான் கணக்குக்குத்தான் வாசிக்கிறன். ஓர்கனுக்கு நுரையீரல் இல்லை.”

“ஓம். அதாலதான் அதுக்கு முன்னால ஒரு மனுசியை இருத்தியிருக்கு” என்றார்.

எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. அடுத்த பாட்டை வேண்டுமென்றே இழுத்து இழுத்து வாசித்தேன். அவர் போகும்போது, “இண்டைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு, ஆனா பாதை சரி” என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

மேர்சி இரண்டாம் வரிசையின் இடது கோடியில் நிற்பவள். கோயிலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீட்டிலேயே தையல் வேலை. என்னைவிடப் பத்து வயது இளையவள். ஆகச் சிறந்த குரல் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆடாத குரல். பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சுருதி விலகினால் மேர்சியின் பக்கம் ஒரு அடி சாய்வார்கள், சரியாகிவிடும். அதை அவள் கவனித்ததாகக்கூடக் காட்டிக்கொள்வதில்லை.

ஒரு வருடம் அவளுடைய குரல் அடைக்கத் தொடங்கியது. தடிமன் என்றாள். பிறகு மழை என்றாள். பிறகு மகரகமை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றாள். மகரகமை என்று ஒருவர் சொன்னால் எங்கள் ஆட்கள் அதற்குமேல் கேள்வி கேட்கமாட்டார்கள். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தால் உயிர் தப்பும் என்றார்கள், எடுத்தார்கள், உயிர் தப்பியது. கழுத்தின் முன்பக்கத்தில் ஒரு துளை. இனிச் சாகும்வரை மூச்சு அந்த வழியாகத்தான். குரல் என்பது இனி இல்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு வந்து நின்றாள். துளையை மூடிச் சேலை நிறத்திலேயே ஒரு துணி தைத்துக் கட்டியிருந்தாள். கையில் பாட்டுப் புத்தகமும் ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும். எல்லோரும் சுற்றி நின்று கையைப் பிடித்தார்கள், சிலர் அழுதார்கள். பார்க்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தோம். அவள் விலகிப்போய்த் தன்னுடைய இடத்தில், இரண்டாம் வரிசை இடது கோடியில் நின்றாள்.

 எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. “மேர்சி, ஏன் நிண்டு களைக்கிறீர்? முன்வாங்கில இருந்து ஆறுதலாக் கேளுமன்” என்றேன். அன்பாகத்தான் சொன்னேன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அவள் கொப்பியில் எழுதிக் காட்டினாள். “கேட்க வரேல்ல அக்கா. பாட வந்தனான்.”

 இந்தப் பிள்ளைக்கு இதை யார் எடுத்துச் சொல்வது என்று மாஸ்டரைப் பார்த்தேன். அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு, “நூற்றுப் பதினெட்டாம் பாட்டு. முதல்ல மூச்சு” என்றார், வேறு ஒன்றும் நடக்காதது மாதிரி.

எல்லோரும் மூச்சு எடுத்தார்கள். மேர்சியும் எடுத்தாள். கழுத்துத் துணிக்குள்ளால் ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்தது. மூன்றாவது வரியில் மாஸ்டர் வாங்கில் தட்டினார், டக் டக்.

“மேர்சி, மூச்சு பிந்திப்போச்சு.”

 நாங்கள் குனிந்த தலை நிமிரவில்லை. இந்த மனிதருக்கு இரக்கம் என்று ஒன்று இல்லையா, சாவிலிருந்து தப்பி வந்தவளிடம் பேசுகிற பேச்சா இது என்று என் உடம்பெல்லாம் கொதித்தது. திரும்பி மேர்சியைப் பார்த்தேன். அவளுடைய முகம் மலர்ந்திருந்தது. கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, பென்சிலை எடுத்து அந்த வரியில் போட்டிருந்த கோட்டை இன்னும் தடிப்பாகப் போட்டாள். ஏழு மாதத்தில் அவளைப் பார்த்துப் பிழை என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அன்றிலிருந்து ஒரு வெள்ளியும் தவறாமல் வந்தாள். ஞாயிறுகளில் அங்கி போட்டுக்கொண்டு குழுவோடு ஊர்வலமாக வந்து நின்று, ஒவ்வொரு சொல்லையும் வாயசைத்து, ஒவ்வொரு மூச்சையும் எடுத்தாள்.

அந்த மூச்சின் சத்தந்தான் பிரச்சினையானது. ஜெபத்துக்கு நடுவிலும் பாட்டுகளுக்கு இடையிலும் கேட்டது. சபைச் செயலாளர் பொன்னையா அண்ணை என்னிடம் வந்தார். வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வெடுத்தவர். கெட்ட மனிதர் இல்லை, ஆளைக் கண்டால் இரண்டு நல்ல வார்த்தை பேசாமல் போகமாட்டார்.

“ரூபி, சிலர் வந்து கதைச்சவை. பிள்ளையள் பயப்பிடுதாம். நீர் இசை தெரிஞ்ச ஆள். சொல்லும், அந்தச் சத்தம் பாட்டுக்கு இடைஞ்சலோ இல்லையோ?”

இரக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் இசையைப் பற்றிக் கேட்டார். எனக்கு என் காதைப் பற்றிய பெருமை. “இடைஞ்சல்தான் அண்ணை. சரணத்துக்கு இடையில அமைதியா இருக்கவேண்டிய இடத்தில கேக்குது” என்றேன்.

செயற்குழுவில் அதையே எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஓர்கன் வாசிக்கிறவரே சொல்கிறார் என்று. மேர்சிக்கு ஒரு கடிதம் கொடுப்பதென்று முடிவானது. அவளுடைய நீண்டகாலச் சேவைக்கு நன்றி, அவளுடைய உடல்நலத்தைக் கருதி அடுத்த ஞாயிறு தொடக்கம் சபையாரோடு அமர்ந்து ஆராதிக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம் என்று. சபைக் கடிதங்களை வழமையாக டைப் பண்ணுவது நான். அதையும் நான்தான் டைப் பண்ணினேன். பிழை இல்லாமல், ஓரம் நேராக.

மாஸ்டரிடமும் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, “இந்த ஞாயிறு வரைக்கும் அவ என்ர குழுவில இருக்கிறா” என்றார்.  ஆராதனை முடிந்த பிறகு கடிதத்தைக் கொடுப்பதாக ஏற்பாடு.

அது நாடு முழுக்க மின்சாரம் வெட்டிய வருடம். பெற்றோல் வரிசை, எரிவாயு வரிசை என்று சனம் களைத்துப்போயிருந்தது. அந்த ஞாயிறு காலை எங்கள் பகுதியில் மின்வெட்டு இல்லை என்றுதான் அறிவித்திருந்தார்கள். தவக்காலம், கோயில் நிறைய ஆட்கள். மேலே காற்றாடிகள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன.

பிரசங்கத்துக்குப் பிறகு சிலுவையைப் பற்றிய பாட்டு. நான்கு சரணம். மூன்றாவது, இயேசு சிலுவையில் தம்முடைய ஆவியை ஒப்புக்கொடுத்த நேரத்தைச் சொல்வது. நான்காவது உயிர்த்தெழுதல். வாசிக்கிற எனக்கு அது மூன்றாவது, நான்காவது என்ற எண்ணிக்கை மாத்திரந்தான்.

இரண்டாம் சரணத்தின் கடைசிச் சொல்லில் மின்சாரம் போனது. மோட்டார் நின்றது. குழாய்களில் மிஞ்சியிருந்த காற்று வெளியேற, ஓர்கன் நோயாளி முனகுவதுபோல ஒரு சத்தம் போட்டுச் செத்தது. காற்றாடிகளும் நின்றன. அந்தக் கோயிலில் நான் ஒருநாளும் கேட்டிராத அமைதி. முன்னூறு பேர் புத்தகத்தோடு நிற்கிறார்கள். ஒருவருக்கும் தொடங்கத் தெரியவில்லை. முப்பத்தொரு வருடமாக நான்தானே தொடங்கிக் கொடுத்தேன். நானோ சத்தம் வராத கட்டைகளின்மேல் விரல்களை வைத்துக்கொண்டு இருந்தேன்.

மாஸ்டர் தொடங்குவதற்குக் கையைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்று, இடதுபக்கம் பார்த்து, கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஸ்ஸ். மேர்சி மூச்சு எடுத்தாள். பாட்டின் வேகம் அந்த மூச்சுக்குள் இருந்தது. சுருதி ஏற்கெனவே எல்லோருடைய காதிலும் இருந்தது. குழு முழுவதும் அவளோடு சேர்ந்து மூச்சு எடுத்தது, மூன்றாம் சரணம் தொடங்கியது.

ஒருவரும் விலகவில்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் பாட்டு நின்றது, அவளுடைய மூச்சு கேட்டது, அடுத்த வரி எழும்பியது. இரண்டாம் வரியில் சபையாரும் சேர்ந்துவிட்டார்கள். இயேசு கடைசி மூச்சை விட்டதைப் பாடுகிற இடத்தில், கழுத்தில் துளையோடு ஒரு பெண் மூச்சு எடுத்துக் கொடுக்கிறாள், முன்னூறு பேர் அதை வாங்கிப் பாடுகிறார்கள்.  மண்ணால் ஆதாமைச் செய்து கடவுள் மூக்கில் மூச்சை ஊதினார் என்று ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறேன். பூட்டிய வீட்டுக்குள் பயந்து இருந்த சீஷர்கள்மேல் உயிர்த்த இயேசு ஊதினார் என்றும் எத்தனையோ தரம் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். ஆவியானவர் ஆவியானவர் என்று வாய் நிறையச் சொல்லியிருக்கிறேன். அது இதுதான் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மாஸ்டர் முப்பத்தொரு வருடமாகப் பென்சிலால் தட்டிச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், நான் காதில் போடவில்லை. சரணத்துக்கும் சரணத்துக்கும் இடையில் ஒன்றுமில்லை, அதை எண்ணிக் கடக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். பாடுகிறவர்கள் உயிரை வாங்கிக்கொள்கிற இடம் அது. அதைத்தான் இடைஞ்சல் என்று சொல்லி, கடிதமும் டைப் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். நான் கடவுளுக்குப் பயந்தேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நான்காம் சரணமும் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு ஆமென் உண்டு. எங்கள் சபையில் ஆமெனுக்கு ஓர்கன்தான் வழிகாட்டும், நான் கட்டையை அமர்த்தாமல் ஒருவரும் பாடமாட்டார்கள். ஓர்கன் இல்லை. ஆமெனும் இல்லையென்று நினைத்துச் சபை புத்தகங்களை மூடத் தொடங்கியது. போதகர் ஜெபத்துக்கு வாயைத் திறந்தார்.

மேர்சி மூச்சு எடுத்தாள்.

எல்லோரும் பாடினோம். நானும் பாடினேன். எத்தனை ஆயிரம் ஆமென் வாசித்திருப்பேனோ தெரியாது, விரல் ஓடிக்கொண்டிருக்கும்போது வாய் திறந்ததேயில்லை. அன்றைக்கு விரலுக்கு வேலை இல்லை. என் குரல் கரகரத்து, கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

ஆராதனை முடிந்ததும் நான் ஓர்கனை மூடக்கூட இல்லை. பொன்னையா அண்ணை கடிதத்தைக் கொடுக்க முன்னம் பிடிக்கவேண்டும் என்று ஓடினேன். கோயில் வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணை, அந்தக் கடிதத்தைக் குடுக்காதேயுங்கோ. நான் சொன்னது பிழை. எனக்கு இசை தெரியாது.”

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “எல்லாருக்கும் முன்னால குடுக்க மனம் வரேல்ல ரூபி. காலமை ஆராதனைக்கு முன்னமே குடுத்திட்டன். எனக்கு முன்னாலயே பிரிச்சு வாசிச்சவ.”

 வாசித்துவிட்டுத்தான் அங்கியைப் போட்டிருக்கிறாள். வாசித்துவிட்டுத்தான் ஊர்வலத்தில் நடந்து வந்திருக்கிறாள். அந்த மூச்செல்லாம் அதற்குப் பிறகு எடுத்தவை. நாங்கள் புத்தகத்தை மூடியபோது அவள் தொடங்கி வைத்த ஆமெனும் அதற்குப் பிறகுதான்.

உடுப்பு மாற்றும் அறையில் மேர்சி அங்கியை மடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அலுமாரிப் பக்கம் திரும்பி நின்று புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார், தோள்கள் குலுங்கின. பொன்னையா அண்ணை எனக்குப் பின்னால் வந்து, “பிள்ளை, அந்தக் கடிதத்தை மறந்துபோம். நான் செயற்குழுவோட கதைக்கிறன். அடுத்த ஞாயிறும் நீர் அந்த இடத்திலதான் நிக்கவேணும்” என்றார். சொன்னதுபோலவே செய்தார். அதற்குப் பிறகு அந்தச் சத்தத்தைப் பற்றி எங்கள் சபையில் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

மேர்சி சரியென்று தலையை ஆட்டினாள். கடிதம் அவளுடைய பாட்டுப் புத்தகத்துக்குள் இருந்து எட்டிப் பார்த்தது. ஓரம் நேராக, நான் டைப் பண்ணியபடியே.

“மேர்சி, இதை டைப் பண்ணினது நான். உம்மட மூச்சு இடைஞ்சல் எண்டு சொன்னதும் நான்தான்” என்றேன். 

அவள் கொப்பியைத் தேடினாள், கைக்கு அகப்படவில்லை. கடிதத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, பென்சிலால் எழுதி என் கையில் தந்தாள்.

“நீங்க பாடினது கேட்டது அக்கா.”